96-வது நிமிடம் வரை: லூட்டனோடு ஒரு சீசன்

2023 ஆகஸ்ட்டில் ஒரு நோட்டு வாங்கினேன், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண கோடு போட்ட நோட்டு. லூட்டன் டவுன் கால்பந்து அணி இங்கிலாந்தின் மேல் லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடப்போகும் 38 ஆட்டங்களையும் ஒன்று விடாமல் பின்தொடர வேண்டும், ஆட்டம் முடிந்த அன்றே ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். மைதானத்தில் பார்த்தாலும் சரி, டிவியில் பார்த்தாலும் சரி, ரேடியோவில் கேட்டாலும் சரி. இப்போது 2024 ஜூன். நோட்டு நிறைந்துவிட்டது. அதில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லூட்டனுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. வேலை ஒரு கிடங்கில், பெரும்பாலும் இரவு ஷிப்ட். கெனில்வொர்த் ரோடு மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். 1905-ல் இருந்து அதே இடம். பெரி பார்க் கடைத்தெருவில் புடவைக் கடையும் இனிப்புக் கடையும் பிரியாணி வாசனையுமாக இருக்கும் இடத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவில் மைதானத்தைச் செருகி வைத்ததுபோல இருக்கும். எதிரணி ரசிகர்கள் ஓக் ரோட்டில் இரண்டு வீடுகளுக்கு இடையில் இருக்கும் வாசலில் நுழைந்து, படியேறி, பின்கட்டுத் தோட்டங்களுக்கு மேலாகத்தான் உள்ளே போக வேண்டும். மொத்தமே ஏறக்குறைய 12,000 பேர்தான் உட்காரலாம்.

எனக்கு இந்த அணியைப் பழக்கிவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவர். 1988-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனலை 3-2 என்று வென்று லீக் கோப்பை வாங்கியதையும் பார்த்திருக்கிறார். 2008-09-ல் பழைய நிர்வாகங்களின் பணக் குளறுபடிகளுக்காக 30 புள்ளிகளை வெட்டிவிட்டு ஆடச் சொன்னதையும், அணி தொழில்முறை லீக்கை விட்டே வெளியே போய் ஐந்து சீசன் அங்கே கிடந்ததையும் பார்த்திருக்கிறார். பெல்லி ரடாக் எம்பான்ஸு அந்தக் கீழ் லீக்கில் சேர்ந்து, அங்கிருந்து படிப்படியாக இதே அணியோடு பிரீமியர் லீக் வரை வந்தவர். அப்படி ஏறிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். 2023 மே 27-ல் வெம்ப்ளியில், மேல் லீக்குக்கு ஏறப்போவது யார் என்ற இறுதி ஆட்டம் கோவென்ட்ரியோடு 1-1 முடிந்து, பெனால்டியில் 5-5 வந்து, நாங்கள் ஆறாவதையும் போட்டபிறகு கோவென்ட்ரி வீரர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனதும், பெரியவர் எங்கள் வீட்டு சோபாவில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 1992-க்குப் பிறகு முதல் தடவை மேல் லீக். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றுதான் நோட்டு யோசனை வந்தது.

முதல் பக்கங்களில் எழுத அதிகம் இல்லை. பிரைட்டனில் 1-4. ஸ்டாண்ட் வேலை முடியாததால் சொந்த மைதானத்தின் முதல் ஆட்டமே தள்ளிப்போனது. செல்சியில் 0-3. செப்டம்பர் 1-ல் ஒரு வழியாகக் கெனில்வொர்த் ரோட்டில் முதல் பிரீமியர் லீக் ஆட்டம், வெஸ்ட் ஹாமிடம் 1-2. செப்டம்பர் 30-ல் குடிசன் பார்க்கில் எவர்டனை 2-1 என்று வென்றது முதல் வெற்றி. கேப்டன் டாம் லாக்கியர் ஒன்று, கார்ல்டன் மோரிஸ் ஒன்று. பெரியவர் அன்று அங்கேயே போயிருந்தார்.

பின்தொடர்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கிலாந்தில் இருந்துகொண்டே சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டத்தை டிவியில் நேரடியாகப் பார்க்க முடியாது. 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலைக்குத் தடை, ஜனங்கள் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகப் போட்ட பழைய விதி. டிக்கெட் கிடைக்காவிட்டால் ரேடியோதான். பிபிசி த்ரீ கவுண்டீஸ் ரேடியோவில் லூட்டன் வர்ணனை வரும். முதலில் எனக்குப் பந்து எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. இரண்டு மாதத்தில் காது பழகிவிட்டது. வர்ணனையாளர் மூச்சு இழுக்கும் விதத்திலேயே பந்து பெனால்டி பாக்ஸுக்குள் போய்விட்டது என்று தெரிந்துவிடும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன், ஆபத்தான கட்டத்தில் குழாயை மூடிவிடுவேன்.

நோட்டின் போக்கையே மாற்றியது அக்டோபர் 3. தள்ளிப்போன அந்த பர்ன்லி ஆட்டம், செவ்வாய் இரவு. நான் ஷிப்டுக்குப் போகும் வழியில் காதில் ரேடியோ. 0-1 பின்தங்கியிருந்தோம். 84-வது நிமிடத்தில் எலைஜா அடெபாயோ சமன் செய்தார். நான் கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டேன், சந்தோஷத்தோடு போனை அணைத்து லாக்கரில் வைத்தேன். இடைவேளையில் கூட வேலை செய்யும் ஒருவர் ‘2-1 தோற்றுவிட்டீர்களே’ என்றார். அடுத்த நிமிடமே, 85-ல், பர்ன்லி இரண்டாவது கோலைப் போட்டிருக்கிறது. நான் கேட்காத அந்த ஒரு நிமிடத்தில். மனசு ஆறவே இல்லை.

மறுநாள் நோட்டில் ஓரமாக ஒரு கோடு போட்டு, ‘85-க்குப் பிறகு’ என்று ஒரு பத்தி ஆரம்பித்தேன். 85-வது நிமிடத்திலோ அதற்குப் பிறகோ விழுந்து புள்ளியை மாற்றிய கோல்கள் மட்டும் அதில், அதனால் கிடைத்த புள்ளிக்கு +, போன புள்ளிக்கு −. கூடவே ஒரு விதி: நடுவர் கடைசி விசில் ஊதும் வரை எழுந்திருக்கக் கூடாது, அணைக்கக் கூடாது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்றால் அன்று ஷிப்டை மாற்றிக்கொள்ள வேண்டும். (ஐந்து தடவை மாற்றினேன். பதிலுக்கு கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் இரவு வேலை பார்த்தேன்.)

விதி உடனே பலன் கொடுத்தது. அக்டோபர் 21, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானம், 83 வரைக்கும் 0-2. ஓக்பெனே ஒன்று போட்டார். 92-ல் அடெபாயோ. 2-2. ‘85-க்குப் பிறகு: +1’ என்று எழுதிய பேனாவை வைக்க மனம் வரவில்லை.

அப்புறம் நவம்பர் 5, லிவர்பூல். டிக்கெட் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கும் நாள், கந்தகப் புகை மைதானத்துக்குள் வரைக்கும் வந்தது, கண்ணை மூடினால் தீபாவளிதான். என் முன்னால் ஒரு தூண், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால்தான் கோல் கம்பம் தெரியும். 80-வது நிமிடத்தில் எங்கள் பெனால்டி பாக்ஸில் பந்தைப் பிடுங்கி, நான்கைந்து தொடுதலில் மறுமுனைக்குக் கொண்டுபோய், தாஹித் சோங் உள்ளே தள்ளினார். நான் கத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கியே விட்டார். அதற்குப்பிறகு 15 நிமிடம் யாரும் உட்காரவில்லை. 95-வது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். அவருடைய அப்பாவைக் கொலம்பியாவில் கடத்தி வைத்திருந்த நேரம் அது. சட்டையைத் தூக்கி, அப்பாவை விடுவியுங்கள் என்று எழுதியிருந்ததைக் காட்டினார். இரண்டு புள்ளி போன வேதனை ஒரு பக்கம், அந்தப் பிள்ளையின் முகம் ஒரு பக்கம். நான்கு நாளில் அப்பா விடுதலையானார் என்று படித்தபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. நோட்டில்: −2.

டிசம்பர் 5, ஆர்சனல். லீக்கின் மேல்வரிசை அணிக்கு எதிராக ஒரு கட்டத்தில் 3-2 முன்னால் இருந்தோம். பிறகு 3-3. 97-வது நிமிடத்தில் டெக்லன் ரைஸ் தலையால் போட்டு 3-4. டிவியில் பார்த்தேன். மனைவி மாடியிலிருந்து ‘என்னங்க, இன்னும் முடியலையா?’ என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. −1.

டிசம்பர் 16 பக்கத்தில் ஸ்கோர் இல்லை. போர்ன்மவுத்தில் 1-1 என்று போய்க்கொண்டிருந்தது. 59-வது நிமிடத்தில் வர்ணனையாளர் குரல் சட்டென்று இறங்கியது. பக்கத்தில் யாரும் இல்லாமல் லாக்கியர் விழுந்துவிட்டார். மே மாத வெம்ப்ளி இறுதியிலும் விழுந்தவர், இதயத்துக்குச் சிகிச்சை எடுத்து, மருத்துவர்கள் அனுமதித்தபிறகு திரும்பி வந்தவர். பயிற்சியாளர் ராப் எட்வர்ட்ஸ் மைதானத்துக்குள் ஓடினார். ரேடியோவில் நீண்ட மௌனம். நான் குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நின்றேன். இதயம் நின்றுபோயிருந்தது, மைதானத்தில் இருந்த மருத்துவக் குழு மீட்டுவிட்டது, ஆட்டம் கைவிடப்பட்டது. 2 நிமிடம் 40 விநாடி தான் உயிரோடு இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் இணையத்தில் ஒரு இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது, ஒரு போனும் ஒரு தலையணையும் போதும், 15 நிமிடத்தில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். நானும் மனைவியும் அந்த வாரமே செய்தோம். இதைப் படிப்பவர்களும் செய்யுங்கள்.

ஒரு வாரம் கழித்து நியூகாசிலை 1-0, டவுன்சென்ட் தலையால். அடுத்த ஆட்டம் ஷெஃபீல்டில், அவர்களே இரண்டு சேம் சைடு கோல் போட, 3-2. ஜனவரியில் பர்ன்லி போய் 92-ல் மோரிஸ், +1. ஜனவரி 30 என் நோட்டில் மிக நீண்ட பக்கம். பிரைட்டன், இரவு ஆட்டம், மைதானத்தில் இருந்தேன், உட்காரக்கூட இல்லை, 18 விநாடியில் அடெபாயோ. மூன்று நிமிடத்துக்குள் ஓக்பெனே. அப்புறம் அடெபாயோ இன்னும் இரண்டு. 4-0. ஆகஸ்ட்டில் எங்களை 4-1 அடித்த அதே அணி. அன்று இரவு 17-வது இடம், கீழ் லீக்குக்கு இறக்கிவிடும் கடைசி மூன்று இடங்கள் என்ற ஆபத்து வளையத்துக்கு வெளியே. நான்கு நாள் கழித்து நியூகாசிலில் 4-2 முன்னால் இருந்து 4-4. ஒரே வாரத்தில் எட்டு கோல். இந்த அணி நிச்சயம் தப்பிவிடும் என்று நான் முழுதாக நம்பியது அந்த வாரம்தான்.

மீதி பிப்ரவரி முழுவதும் தோல்வி, அதைப்பற்றி விரிவாக எழுத எனக்கு இஷ்டமில்லை. காயம் பட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள், தடுப்பாட்டம் நொறுங்கியது. மார்ச் 2-ல் ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 இலிருந்து 2-2 வரை வந்து 89-ல் கோல் வாங்கினோம், −1. மார்ச் 9-ல் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 96-வது நிமிடம் எங்கள் வுட்ரோ சமன் செய்தார், +1. மார்ச் 13, கைவிடப்பட்ட போர்ன்மவுத் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. இடைவேளையில் 3-0 முன்னால். முடிவு 3-4. அன்று நோட்டில் அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டு மூடினேன். என்னைக் கேட்டால் நாங்கள் இறங்கியது அன்றுதான், ஆர்சனலிலும் இல்லை, லிவர்பூலிலும் இல்லை.

ஆனாலும் மூன்று நாளில் ஃபாரஸ்டோடு 89-ல் லூக் பெரி சமன் செய்தார், அணி நான்காம் நிலை லீக்கில் ஆடிய காலத்திலிருந்து இங்கே இருந்தவர். +1. இரண்டு நாள் கழித்து செலவு விதியை மீறியதற்காக ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி வெட்டு. மார்ச் 30 டாட்டன்ஹாமில் 86-ல் அவர்களின் சன் ஒரு கோல், −1. ஏப்ரல் 6 போர்ன்மவுத்தோடு 90-ல் மோரிஸ், 2-1, +2, நானும் பெரியவரும் ஓரமாக நின்று அழுதோம். ஃபாரஸ்டும் நாங்களும் ஆளுக்கு 25 புள்ளி. அதற்குப்பிறகு ஆறு ஆட்டத்தில் எவர்டனோடு கிடைத்த ஒன்றே ஒன்று.

மே 19, ஃபுல்ஹாம், 2-4. ஒன்பது வயது மகளைக் கூட்டிப்போனேன், அவளுக்கு முதல் ஆட்டம். 18-வது இடம், 26 புள்ளி, போட்டது 52 கோல், வாங்கியது 85. விசில் ஊதியபிறகும் ஜனம் கிளம்பவில்லை, கை தட்டிக்கொண்டே நின்றது. ‘தோத்துட்டாங்க இல்லப்பா, ஏன் தட்றாங்க?’ என்று கேட்டாள். நீயும் தட்டு என்றேன். தட்டினாள்.

அன்று இரவு அந்த ஓரப் பத்தியைக் கூட்டினேன். 85-க்குப் பிறகு கிடைத்தது: ஃபாரஸ்ட் 1, பர்ன்லி 1, பேலஸ் 1, ஃபாரஸ்ட் மறுபடி 1, போர்ன்மவுத் 2, ஆக 6. போனது: பர்ன்லி 1, லிவர்பூல் 2, ஆர்சனல் 1, வில்லா 1, டாட்டன்ஹாம் 1, அதுவும் 6. சீசன் முழுக்கத் துரதிர்ஷ்டம் துரதிர்ஷ்டம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது கணக்கில் நிற்கவில்லை. 17-வது இடத்தில் தப்பிய ஃபாரஸ்ட் 32 புள்ளி, எங்களைவிடச் சரியாக 6 அதிகம். போன 6-ம் கையில் இருந்திருந்தால்கூடக் கோல் வித்தியாசத்தில் கீழேதான் இருந்திருப்போம், அவர்களுக்கு −18, எங்களுக்கு −33. எங்களை இறக்கியது கடைசி நிமிடங்கள் இல்லை, அந்த 85 கோல்.

நோட்டைப் பெரியவரிடம் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாது, எண்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஓரப் பத்தியில் நின்று, ஒன்று விட்டுவிட்டாய் என்றார். எஃப்ஏ கோப்பை, எவர்டன், தான் நேரில் இருந்தது. அது லீக்கில் சேராது, புள்ளியும் கிடையாது, அதனால் எழுதவில்லை என்றேன். எழுது என்றார். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ஜனவரி 27, குடிசன் பார்க், வுட்ரோ, 96.