உனிதோ, உனிதா, உனிதோஸ், உனிதாஸ்

ஸ்பானிஷ் பெயரடைகளைப் படிக்க நான் சிபாரிசு செய்வது ஸ்பானிஷில் அச்சிட்ட ஓர் உலக வரைபடத்தைத்தான். மாலை வகுப்பில் கொடுத்த பாடநூல் கறுப்புப் பூனை, கறுப்புப் பூனைகள் என்று அட்டவணை போட்டே பக்கங்களை ஓட்டியிருந்தது. எனக்கு அட்டவணை மனதில் நிற்பதில்லை. ஊர்ப்பெயர் நிற்கும்.

'ஒன்றுபட்ட' என்பதற்கு அவர்கள் சொல் உனிதோ. பிரிட்டனை ரெய்னோ உனிதோ என்பார்கள். ரெய்னோ என்றால் முடியரசு. ஸ்பானிஷில் உயிரற்றவற்றின் பெயருக்கும் பால் உண்டு, இது ஆண்பால் ஒருமை. அமெரிக்கா எஸ்தாதோஸ் உனிதோஸ், ஆண்பால் பன்மை. ஐ.நா. சபை நாசியோனெஸ் உனிதாஸ், பெண்பால் பன்மை. பாக்கி இருக்கும் பெண்பால் ஒருமைக்கு ஸ்பெயினில் 1986இல் உருவான இடதுசாரிக் கூட்டணி ஒன்று இருக்கிறது: இஸ்கியெர்தா உனிதா. பெயர்ச்சொல் மாற மாற உனிதோவும் கூடவே உடை மாற்றிக்கொள்கிறது. பன்மையை அவர்கள் சுருக்கெழுத்தில்கூட விடுவதில்லை. எஸ்தாதோஸ் உனிதோஸைச் சுருக்கும்போது முதலெழுத்துகளை இரட்டித்து 'எஎ. உஉ.' என்று எழுதுவார்கள்.

தமிழில் 'நல்ல' என்ற சொல் எதற்கும் அசையாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல நாய்கள், எல்லாவற்றுக்கும் அதே 'நல்ல'. பால், எண் எல்லாம் நமக்கு வினைமுற்றில்தான். ஆனால் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். நல்லவன், நல்லவள், நல்லது, நல்லவர்கள் என்று நாமும் வால் ஒட்டத்தான் செய்கிறோம். ஸ்பானிஷ்காரர்கள் பெயர்ச்சொல் பக்கத்திலேயே இருக்கும்போதும் அந்த வாலை ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி யோசித்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

எல்லாப் பெயரடைக்கும் நாலு வடிவம் கிடையாது என்பதும் ஆறுதல். பச்சைக்கு வெர்தே, நீலத்துக்கு அசுல். எகரத்தில் முடிகிறவையும் மெய்யில் முடிகிற பலவும் ஆண், பெண் பார்ப்பதில்லை, பன்மைக்கு மட்டும் அசையும். நாட்டினத்தைச் சொல்லும் பெயரடை மெய்யில் முடிந்தாலும் பெரும்பாலும் பெண்பாலில் மாறிவிடும். எஸ்பான்யோல், எஸ்பான்யோலா.

பெயர்ச்சொல்லைப் பார்த்து அதன் பாலைச் சொல்ல முடியாத இடத்தில் பெயரடை காட்டிக்கொடுக்கும். ஃபே என்றால் இறைநம்பிக்கை. அது ஆணா பெண்ணா? நியூ மெக்சிகோவின் தலைநகர் சாந்தா ஃபே. புனித என்பதற்குச் சாந்தோ என்று இல்லாமல் சாந்தா என்று வந்துவிட்டதால் பெண்பால், வழக்கு முடிந்தது. தண்ணீர்தான் கொஞ்சம் ஏமாற்றும். அகுவா பெண்பால் சொல். ஆனால் முதல் அகரத்தில் அழுத்தம் விழுவதால், ஒருமையில் முன்னால் பெண்பாலுக்குரிய சார்புச்சொல் (ஆங்கில 'the' போல) 'லா' வராமல் ஆண்பாலுக்குரிய 'எல்' வரும். எல் அகுவா என்று கேட்டால் யாருக்கும் ஆண்பால் என்றுதான் தோன்றும். மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்தெஸ் இங்கே உதவாது. காலியென்தெ, அதாவது சூடான, எகரத்தில் முடிகிற சொல், வாயே திறக்காது. அரிசோனாவில் அகுவா ஃப்ரியா என்று ஓர் ஆறு ஓடுகிறது. குளிர்ந்த தண்ணீர். ஃப்ரியோ என்று இல்லாமல் ஃப்ரியா என்று இருக்கிறதே, அதுதான் சாட்சி.

சரி, பெயரடை பெயருக்கு முன்னாலா பின்னாலா? எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நான் இருப்பது சிலிக்கான் பள்ளத்தாக்கில். பக்கத்து ஊர் பாலோ ஆல்தோ, உயர்ந்த மரம் என்று பொருள். 1769இல் போர்தோலா தலைமையில் வந்த ஸ்பானியர்கள் அந்த ரெட்வுட் மரத்தின் அருகே முகாமிட்டதாகச் சொல்வார்கள். மரம் ரயில் பாலத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. எந்த மரம் என்று கேட்டால், அதோ அந்த உயரமான மரம். பலவற்றில் ஒன்றைப் பிரித்துக் காட்டும் பெயரடை பின்னால்தான் வரும். கோஸ்தா ரிகா, புவேர்தோ ரிகோ, மார் நெக்ரோ (கருங்கடல்) எல்லாம் இந்த வரிசைதான். ரிகோ என்றால் செல்வம் நிறைந்த. கடற்கரை பெண்பால் என்பதால் ரிகா, துறைமுகம் ஆண்பால் என்பதால் ரிகோ.

பிரித்துக் காட்டுவது நோக்கமில்லை, ஏற்கெனவே தெரிந்ததைப் பாராட்டியோ உணர்ச்சியோடோ சொல்கிறோம் என்றால் பெயரடை முன்னால் போய்விடும். எங்கள் வகுப்பு ஆசிரியை மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்துக்காரர். கல்யாணமான மாணவர்களைப் பார்த்து அவர் சொன்னது: "மி பெல்லா எஸ்போசா என்றால் அழகான என் மனைவி. மி எஸ்போசா பெல்லா என்று மாற்றிச் சொன்னால், அழகில்லாத இன்னொருத்தியும் இருக்கிறாளா என்று கேட்பார்கள்." தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட பெயரடையை நகர்த்த முடியாது. வேறு சொல் போட வேண்டும், அல்லது குரலில் காட்ட வேண்டும்.

முன்னால் போகும்போது சில சொற்கள் வாலை இழந்துவிடும். 1536இல் பெத்ரோ தெ மென்தோசா லா பிளாதா ஆற்றங்கரையில் அமைத்த குடியேற்றத்தின் பெயரில் 'புவென் ஐரே' என்று இருந்தது. கடலோடிகள் வணங்கிய நல்ல காற்று மாதாவின் பெயர் அது. ஐரே (காற்று) ஆண்பால் ஒருமை என்பதால் புவேனோ (நல்ல) சுருங்கிப் புவென். பின்னால் ஊர்ப்பெயர் பன்மையானபோது வால் திரும்பி வந்து புவேனோஸ் ஐரெஸ் ஆனது. க்ராந்தெ, அதாவது பெரிய, இன்னும் தாராளம். முன்னால் வந்தால் பெண்பால் ஒருமையிலும் சுருங்கும், அதனால் க்ரான் பிரெதான்யா (கிரேட் பிரிட்டன்). பின்னால் வந்தால் முழுசாக நிற்கும், ரியோ க்ராந்தெ. அந்த ஆற்றை மெக்சிகோக்காரர்கள் ரியோ பிராவோ என்பார்கள். அதிலும் பெயரடை பின்னால்தான்.

இரண்டு பக்கமும் ஆள் நிற்கும் பெயர் வேண்டுமென்றால் 1713இல் தொடங்கிய மொழிக் கழகம் இருக்கிறது: ரெயால் அகாதெமியா எஸ்பான்யோலா. ரெயால் என்றால் அரச. மரியாதைப் பட்டம் என்பதால் முன்னால், அதோடு மெய்யில் முடிவதால் பெண்பாலுக்கும் மாறவில்லை. எந்த நாட்டுக் கழகம் என்று பிரித்துச் சொல்லும் எஸ்பான்யோலா பின்னால், பெண்பால் வாலோடு. எங்கள் ஊரில் இட்லி தோசைக் கடைகள் இருக்கும் பெரிய சாலையின் பெயர் எல் கமினோ ரெயால். இங்கே அதே ரெயால் பின்னால். எத்தனையோ பாதைகளில் இது அரச பாதை என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. இங்கே எல்லோரும் அதை வெறும் 'எல் கமினோ' என்றுதான் சொல்கிறார்கள். பெயரடையை வெட்டிவிட்டார்கள்!