ராத்திரி பில்ட் காலை ஏழரைக்கு ஓடினால்

எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டித்தரும் வேலையை, அதாவது பில்டை, தானாகச் செய்யும் சர்வர் ஜென்கின்ஸ். எங்கள் டீமில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு கம்பெனிக்குப் போனதும் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் ஆபீஸ். சின்ன டீம், ஜாவா புராஜெக்ட், பில்டுக்கு மேவன் என்ற கருவி, கோடு இருப்பது கிட்ஹப் தளத்தில். இரண்டாவது கிளையன்ட்டுக்குத் தனி ரெப்போ (கோடு வைக்கும் இடம்) பிரித்தபோது அதற்கு ஜென்கின்ஸில் ஒரு புது ஜாப் (எதை, எப்போது, எப்படி பில்ட் செய்வது என்ற அமைப்பு) போடச் சொன்னார்கள். "பழைய ஜாபை காப்பி பண்ணிடுங்க, அரை மணி நேர வேலை" என்றார் லீட்.

காப்பி எடுக்க வழி இருக்கிறதுதான். ஆனால் யாரோ எப்போதோ போட்ட அத்தனையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பழைய ஜாபின் செட்டிங்ஸை ஒரு டேப்பில் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து டேப்பில் வெறும் ஃப்ரீஸ்டைல் ஜாபாக, அதாவது திரையில் கட்டம் கட்டமாக நிரப்பும் வகையில், ஆரம்பித்தேன். மேவன் கமாண்டைப் போட்டதெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. நேரம் போனது ஆட்களைப் பிடித்துக் கேட்டதில்தான்.

ஜாபின் பேரில் இடைவெளி விடாதீர்கள். ஜென்கின்ஸ் அந்தப் பேரிலேயே வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டரைத் திறக்கும். நடுவில் இடைவெளி இருந்தால் ஏதாவது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் பாதையை இரண்டு துண்டாகப் படித்துவிட்டு முழிக்கும்.

கோடை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் கிட் பகுதியில், பிராஞ்ச் (கோடின் கிளை) கட்டத்தில் மாஸ்டர் என்று தானே நிரப்பி வைத்திருந்தது. கிட்ஹப்பில் 2020 அக்டோபருக்குப் பிறகு திறக்கும் ரெப்போக்களில் முதல் பிராஞ்ச் மெயின் என்றுதான் வரும். இதை மாற்றாமல் விட்டால், பில்ட் செய்ய ரிவிஷனே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்புறம் பாஸ்வேர்ட். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் கிட் வேலைகளுக்கு பாஸ்வேர்டை ஏற்பதில்லை, அதற்குப் பதில் டோக்கன் என்ற ரகசியக் குறியீடு வேண்டும். பழைய ஜாப் போனவருடைய சொந்த டோக்கனில் ஓடிக்கொண்டிருந்தது! அவர் கணக்கை நீக்கும் அன்றைக்கு எல்லா பில்டும் படுத்துவிடும். டீமுக்கென்று பொதுவாக ஒரு கணக்கு கேட்டு ஐடி ஆட்களிடம் டிக்கெட் போட்டேன். அது வரும்வரை காத்திருந்ததுதான் இந்த வேலையிலேயே பெரிய இழுவை. வந்த டோக்கனை கிரெடென்ஷியல்ஸில் சேர்த்தேன். அங்கே வைத்த ரகசியத்தை ஜாபோடு பைண்ட் செய்து இணைத்துவிட்டால் கன்சோல் லாகில் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். பழைய ஜாபின் ஷெல் கட்டத்தில் ஒரு சர்வர் பாஸ்வேர்ட் பச்சையாக உட்கார்ந்திருந்தது, அதையும் அங்கே மாற்றிவிட்டேன்.

அடுத்தது ஷெட்யூல். பழைய ஜாபில் வாரத்தில் ஐந்து நாள், ராத்திரி 2 மணி என்று இருந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் காலையில் எப்போது பார்த்தாலும் பில்ட் வரிசையில் கூட்டம். வேறு டீமில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணா, ஷெட்யூல் சரியாத்தானே இருக்கு?"

"அந்தக் கட்டத்துக்குக் கீழ சின்னதா ஒரு வரி வருது பாருங்க, அதைப் படிங்க முதல்ல" என்றார்.

போன தடவை எப்போது ஓடியிருக்கும், அடுத்து எப்போது ஓடும் என்று தேதி, மணியோடு அங்கே எழுதியிருக்கிறது. மணிக்குப் பின்னால் நேர மண்டலத்தின் பேர். சர்வர் இருந்தது யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதன் ராத்திரி 2 மணி நமக்குக் காலை 7.30. ரிங் ரோட்டில் மாட்டிக்கொள்ள விரும்பாதவர்கள் எட்டு மணிக்கு வீட்டிலிருந்தே கோடை கிட்ஹப்புக்குத் தள்ளிவிட்டு, டிராஃபிக் அடங்கியதும்தான் ஆபீஸுக்குக் கிளம்புவார்கள். எங்கள் ஜென்கின்ஸில் இருப்பது ஆரம்பத்தில் அதுவே கொடுக்கும் இரண்டு எக்ஸிகியூட்டர்கள் (ஒரு நேரத்தில் ஒன்றில் ஒரு பில்ட்தான் ஓடும்). அதில் ஒன்றை இந்த 'ராத்திரி' பில்ட் பிடித்துக்கொண்டால் மிச்சப் பேரின் பில்ட் எல்லாம் ஒற்றை வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். டீமில் பாதிப் பேர் தமிழ்நாடு. சாயங்காலம் கடைசி கமிட்டை (கோடு மாற்றத்தை) தள்ளிவிட்டு மடிவாளாவில் சேலம் பஸ், மதுரை பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். ஷெட்யூலில் 1-5 என்றால் திங்கள் முதல் வெள்ளி. வெள்ளிக்கிழமை பில்ட் அன்று காலையே ஓடி முடிந்திருக்கும், சாயங்காலம் தள்ளிய கோடுக்கு அடுத்த ராத்திரி பில்ட் திங்கள் காலையில்தான். இரண்டு நாள் அது உடைந்தே கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. திங்கள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் சிவப்பு.

ஷெட்யூல் கட்டத்தின் முதல் வரியில் டிஇசட் போட்டு, சமக்குறிக்குப் பின் ஏசியா, சாய்கோடு, கொல்கத்தா என்று எழுதினால் கீழே உள்ள வரிகளை நம் நேரப்படி எடுத்துக்கொள்ளும். கிழமையில் 1-5ஐ 2-6 ஆக்கினேன். வெள்ளி ராத்திரி 2 மணி என்பது காலண்டரில் சனிக்கிழமையல்லவா, அதனால் செவ்வாய் முதல் சனி. நிமிட இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் எச் என்ற எழுத்து. பூஜ்யம் போட்டால் ஜென்கின்ஸே எச் போடச் சொல்லி மஞ்சளில் நச்சரிக்கும். எல்லா ஜாபும் மணி அடித்ததும் ஒரே நொடியில் எழுந்திருக்காமல் இருக்க இந்த எச் வழி செய்கிறது. ஜாபின் பேரை வைத்துக் கணக்கிடுவதால் ஒரு ஜாபுக்கு எப்போதும் ஒரே நிமிடம்தான் வரும், தினம் மாறாது. மிட்நைட் என்று ஒரு சுருக்கமும் உண்டு. ஆனால் அதற்கு அர்த்தம் 12 மணிக்கும் 2.59க்கும் இடையில் ஏதோ ஒரு நேரம். நான் அதைத் தொடவில்லை.

பகல் பில்டுக்கு, புதுக் கோடு வந்ததும் கிட்ஹப்பே ஜென்கின்ஸுக்குச் சொல்லும் வெப்ஹுக்தான் அழகு. ஆனால் எங்கள் சர்வர் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருக்கிறது, கிட்ஹப்பால் அதைத் தட்ட முடியாது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜென்கின்ஸே போய் எட்டிப் பார்க்கும் போலிங்.

பழைய பில்டுகளைக் கழிப்பதில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. டெஸ்டிங் பக்கம் "எதையும் அழிக்காதீங்க" என்றார்கள், டிஸ்க்கோ நிரம்பிக்கொண்டிருந்தது. இடம் ஒரு ஜிபிக்குக் கீழே போனால் ஜென்கின்ஸ் அந்த நோடையே (பில்ட் ஓடும் மெஷினையே) ஆஃப்லைன் ஆக்கிவிடும். கடைசியில் அட்வான்ஸ்டு பகுதிதான் கைகொடுத்தது. பில்ட் லாகுக்கு 60 நாள், பில்டில் உருவாகி இடத்தை அடைக்கும் ஜார் ஃபைல்களுக்கு மட்டும் கடைசி 10 பில்ட் என்று தனித்தனியாக வைக்கலாம். கடைசியாக வெற்றி பெற்ற பில்டை அது எப்படியும் அழிக்காது. ரிலீஸுக்குப் போனதை நிரந்தரமாக வைக்க அந்தந்த பில்ட் பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கிறது. இதைக் காட்டியதும் டெஸ்டிங்கில் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

மெயில் கட்டத்தில் முகவரிகளுக்கு நடுவே வெறும் இடைவெளிதான் விட வேண்டும். பழைய பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்கள் பேர்தான் அதிகம். அதைத் தூக்கிவிட்டு, லீடுக்கும் பில்டை உடைத்தவருக்கும் மட்டும் போகும்படி டிக் செய்தேன்.

பழைய ஜாபின் ஷெட்யூலையும் இதேபோல் திருத்தியாச்சு. அடுத்து இரண்டையும் பைப்லைனுக்கு மாற்றி, செட்டிங்ஸை ஜென்கின்ஸ்ஃபைல் என்ற ஒரு ஃபைலில் எழுதி ரெப்போவுக்குள்ளேயே வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். ரிலீஸ் முடியட்டும் என்றிருக்கிறார் லீட்.