நீல மாத்திரை

எங்கள் தெருவில் 17 வயதில் தாலி கட்டிக்கொண்ட பெண்ணொருத்தி, ஏழாம் மாதத்தில்தான் முதன்முறையாக ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறினாள். துணைக்கு நானும் போயிருந்தேன். செவிலியர் அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை மாசம் எங்கேம்மா இருந்தே?" என்று கேட்டதற்கு மாமியார்தான் தலைகுனிந்தார். ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையானது.

அலட்சியத்தால் அவர்கள் மறைக்கவில்லை, பயத்தால் மறைத்தார்கள். 18 வயது நிறையாத பெண் கருவுற்றிருப்பது தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தரவேண்டும் என்பதால், மகன் சிறைக்குப் போய்விடுவான் என்று அஞ்சி வயதை மறைக்கும் குடும்பங்கள் பரிசோதனையையும் சேர்த்தே தவிர்த்துவிடுகின்றன. சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிறுமியைக் காக்க வந்த சட்டம், கருவுற்ற பிறகு அவளை மருத்துவரிடமிருந்து விலக்கி நிறுத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த 7.4 திருமணத்துக்குப் பிறகு வந்ததும் அன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாயில் இழக்கும் இரும்புச்சத்தை ஈடுசெய்யாத சாப்பாடு, வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சும் குழம்பு, சாப்பிட்ட கையோடு குடித்து, உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் தேநீர் ஆகியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து செய்த வேலை அது. உயரமும் இடுப்பெலும்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடலில் கருவும் வளரும்போது, இருக்கும் சத்தைத் தாயும் பிள்ளையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வளர் இளம் தாய்மார்களுக்கு வலிப்பில் கொண்டுபோய் விடும் இரத்த அழுத்தமும், எடை குறைந்த குழந்தையும் அதிகமாக நேர்கின்றன.

அவளுக்கு நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றினார்கள். பிறந்த குழந்தை 2.1 கிலோ.

பள்ளியில் வாரந்தோறும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்களே என்று அவளிடம் கேட்டேன். குமட்டும், மலம் கறுத்துப்போகும் என்று பயந்து தோழிகளெல்லாம் சன்னலுக்கு வெளியே எறிவார்களாம். கறுப்பது இயல்புதான் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட அவளுடைய தங்கை, பத்தாம் வகுப்புக்காரி, எழுந்துபோய்த் தன் பென்சில் டப்பாவைத் திறந்தாள். அதற்குள் நான்கு நீல மாத்திரைகள் இருந்தன.