அவர் முந்தி

காலை ஆறரைக்கு வேலைத்தளத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கொட்டிலில் ஒரு வெள்ளைப் பலகை நிற்கும். அன்றைக்குக் கண்ணிவெடி எடுக்க லேனுக்குள் இறங்குகிறவர்களின் பெயரும், பக்கத்தில் இரத்த வகையும் அதில் இருக்கும். என் பெயருக்கு நேரே 'ஓ பொசிற்றிவ்'. பதினொரு வருடமாக அந்தப் பலகையைப் பார்த்தபடிதான் என் நாள் விடிந்தது. முதலில் ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துக் காடுகளிலும் பிறகு முகமாலையிலும் கண்ணிவெடி அகற்றினேன். எங்கள் அணியில் பாதிக்கு மேல் பெண்கள், அநேகமானோர் வீட்டுப் பாரத்தைத் தனியே இழுக்கிறவர்கள்.

இறங்குவதற்கு முன் ஆளுக்கொரு விதமாகக் கும்பிடுவோம். ஒரு தோழி திருநீறு பூசிவிட்டுத்தான் முகக் கவசத்தை இறக்குவாள். இன்னொருத்தி மடு மாதா பதக்கத்தை முத்தமிட்டுக் கொட்டிலிலேயே கழற்றி வைப்பாள், உலோகம் உடம்பில் இருந்தால் கருவி கத்தும். நான் கண்ணை மூடி ஒரு வசனத்தைச் சொல்லிக்கொள்வேன். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்." யோவானின் முதலாம் நிருபம், நாலாம் அதிகாரம். சின்ன வயதிலேயே ஞாயிறு பாடசாலையில் பாடமாக்கியதுதான். ஆனால் அதிலுள்ள 'முந்தி' என்ற சொல் எனக்குப் பிடிபட்டது லேனுக்குள்தான்.

லேன் என்பது ஒரு மீற்றர் அகலப் பாதை. நமக்கு முன்னால் குறுக்கே ஒரு தடி கிடக்கும். தடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது, இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம். முதலில் இழுவைக் கம்பி ஏதும் உண்டா என்று பார்த்துப் புல்லை வெட்ட வேண்டும். பிறகு கருவியை மெல்ல வீச வேண்டும். சத்தம் வந்தால் முழங்காலில் இருந்து, வந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னுக்கிருந்து, மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து குத்தவே கூடாது. பீ-4 என்ற மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உடம்பு பிளாஸ்ரிக், உலோகம் கொஞ்சம்தான், ஆனபடியால் கருவி முனகுகிற மாதிரித்தான் சொல்லும். ஆனால் வருகிற சத்தங்களில் பெரும்பாலானவை ரவைக் கோது, ஆணி, கறள் பிடித்த ரின்பால் பேணி. ஐம்பது ஆணி எடுத்த பிறகு ஐம்பத்தோராவதையும் வெடி என்று நினைத்துத்தான் கிண்ட வேண்டும். சில நாள் வெயில் ஏறி வேலை முடியும்போது தடி இரண்டு மீற்றர்கூட நகர்ந்திருக்காது.

எனக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது. மகளுக்குக் காய்ச்சல், இரவு நித்திரை இல்லை, காலையிலிருந்து ஒரே ஆணி. ஒரு முனகல் வந்தது. கோதுதான் என்று நானே முடிவெடுத்து, அரைகுறையாகச் சுரண்டிவிட்டுத் தடியை முன்னுக்கு நகர்த்தினேன். பின்னேரம் மேற்பார்வையாளர் அதே இடத்தில் கருவியைப் பிடித்தார். கத்தியது. என்னை வெளியே வரச் சொல்லி, அந்தத் துண்டு முழுவதையும் திரும்பச் செய்வித்தார். வந்தது கோதுதான். அதில் எனக்கு ஆறுதல் வரவில்லை. அந்த அண்ணை சத்தம் போடவில்லை. "தங்கச்சி, இதில நடக்கப்போறது நீர் இல்லை. உமக்குப் பின்னால ஒரு பிள்ளை ஓடும். அது கீழ பார்த்து ஓடாது" என்றார்.

அவர் சைவக்காரர், பிரசங்கம் செய்ய நினைத்துச் சொன்னதில்லை. அன்றிரவு எனக்கு 2009 ஏப்ரல் நினைவுக்கு வந்தது. மாத்தளனிலிருந்து நந்திக்கடல் தண்ணீருக்குள் இறங்கி வந்த சனத்தில் நானும் ஒருத்தி. இடுப்பளவு தண்ணீர், தோளில் மூன்று வயது மகள், கரையில் எங்கே எதைப் புதைத்திருக்கிறார்கள் என்று தெரியாத இருட்டு. எனக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் போனார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நான் கால் வைச்ச இடத்திலயே கால் வைச்சு வாங்கோ, அக்கா." அவ்வளவுதான். அவர் முகத்தை நான் காணவில்லை. கரை ஏறியதும் சனத்துக்குள் போய்விட்டார். அவர் ஊர், சமயம் எதுவும் தெரியாது. நன்றி என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை, அவர் அதற்காக நிற்கவும் இல்லை.

செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்த மாதங்களில் நான் கடவுளோடு பேசாமல் இருந்தேன். கணவர் வந்து சேரவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பி, தகரக் கூரை போட்ட எங்கள் சின்னச் சபைக்குப் போனபோதும் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் நெஞ்சு இறுகும். "கர்த்தர் என்னில் அன்பு வைத்தபடியால் ஷெல்லுக்குத் தப்புவித்தார்" என்று ஒருவர் எழும்பிச் சொல்வார். பக்கத்துப் பாயில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய் தலை குனிந்து இருப்பார். அப்படியானால் அவருடைய பிள்ளைகளில் அன்பு இல்லையா? தப்பியவர் நன்றி சொல்ல வேண்டும், அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் தேவனுடைய அன்பைத் தப்பியவர் கணக்கை வைத்து அளக்கக் கூடாது. வன்னியில் இருக்கிற நாங்களாவது அப்படிப் பேசக் கூடாது.

பவுல் அதை வேறு இடத்தில் வைத்து அளக்கிறார். நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார், அதிலே தேவன் தம் அன்பை விளங்கப்பண்ணுகிறார் என்று ரோமருக்கு எழுதுகிறார். நாம் நல்லவர்களான பிறகு இல்லை, கேட்ட பிறகும் இல்லை. நாம் கால் வைப்பதற்கு முதலே அவர் அந்த நிலத்துக்குள் இறங்கிவிட்டார், வெடியை அவரே வாங்கிக்கொண்டார். லேனுக்குள் முழங்காலில் இருக்கும்போது சிலுவையை எனக்கு வேறு விதமாக நினைக்கத் தெரியவில்லை. அந்தத் தாயின் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதற்கு இது பதில் இல்லை. அவரோடு கூட இருந்து அழத்தான் என்னால் முடியும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வலி தெரியாத இடத்திலிருந்து தேவன் எங்களைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் போதுமாக இருந்தது. அதன் பிறகுதான் அவரோடு திரும்பப் பேசினேன்.

அப்புறம், இந்த அன்புக்கு நான் என்ன செய்வது? முந்தி நான் நினைத்தது காணிக்கை, உபவாசம், இரா ஜெபம். அவற்றை இன்றைக்கும் விடவில்லை. ஆனால் சாரம் கட்டிய அந்த மனிசருக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பது? அவருக்குக் கொடுக்க வழியே இல்லை. எனக்குப் பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்கலாம். கர்த்தருக்கும் அப்படித்தான் என்று நம்புகிறேன். மிகவும் சிறியவர்களுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக எடுத்துக்கொள்வேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐம்பத்தோராவது ஆணியை ஒழுங்காகக் கிண்டி எடுப்பது எனக்கு ஆராதனை ஆகிவிட்டது.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசெம்பரில். அதன்படி 2028 ஜூனுக்குள் நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டும். என் முழங்கால் இரண்டும் கெட்டுப் போனதால் நான் இப்போது லேனுக்குள் இறங்குவதில்லை, புதுப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். அந்த அண்ணை சொன்னதைத்தான் முதல் நாளே அவர்களுக்கும் சொல்கிறேன்.

நான் கடைசியாக இறங்கிய காணியை உரிமையாளரிடம் கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறது. ஒரு ஆச்சி, பேத்தியோடு வந்தார். வேலி இல்லை, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். பின்னுக்கு ஒரு கிணறு, கட்டு உடைந்து, கரையில் ஆமணக்கு முளைத்திருந்தது. நாங்கள் முன்னால் நடந்து காட்டினோம், அதுதான் வழக்கம். ஆச்சி தயங்கித் தயங்கி ஒவ்வொரு அடியாக வந்தார். பேத்தி அவர் கையை உதறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். செருப்பு இல்லை. அவள் ஓடிய கோட்டில் பாதி என் லேன். அந்த மண்ணில் எனக்கு ஒவ்வொரு சாணும் தெரியும், எந்த இடத்தில் இரண்டு மிதிவெடி எடுத்தேன் என்றும் தெரியும். அவள் கீழே பார்க்கவே இல்லை.

ஆச்சி போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றித் தந்தார், கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. யார் எந்தப் பக்கம் பார்த்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடித்துவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தியைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினேன்.