தவளை வாங்கப் போனேன்

போன அக்டோபரில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் எங்கள் தெருக்கோடிக் காலி மனை குளமாகிவிட்டது. இரவெல்லாம் தவளைச் சத்தம். காலையில் போய்ப் பார்த்தால், எலுமிச்சைப் பழ நிறத்தில் பெரிய பெரிய ஆண் தவளைகள், தாடையின் இரு பக்கமும் நீலப் பை உப்பக் கத்திக்கொண்டிருந்தன. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வரும் நிறம் அது. மற்ற நாட்களில் பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். ஒன்பது வயது மகன் என் சட்டையை இழுத்து, "அப்பா, ஒண்ணு வீட்டுக்கு வேணும்" என்றான்.

கையால் பிடித்திருக்கலாம். ஆனால் கிளி வளர்த்த பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்கு வனத்துறை வந்துபோனது நினைவுக்கு வந்தது. பச்சைக்கிளிக்கே அப்படி என்றால் தவளைக்கு? விசாரித்துவிட்டுச் செய்வோம் என்று நினைத்தேன்.

நாங்கள் இருப்பது சென்னைக் கொளத்தூர். வளர்ப்பு மீனுக்குப் பேர் போன இடம். எந்தக் கடையிலாவது கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன். முதல் கடைக்காரர் சிரித்தார். "ஊர்த் தவளையா? கேஸ் ஆயிடும் சார். வெளிநாட்டுத் தவளை வேணா பாக்குறீங்களா?" இரண்டாவது கடையில் வேறு மாதிரி. "ரெண்டு நாள் டைம் குடுங்க, ஏரிப் பக்கம் பசங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார் ஒருவர், குரலைத் தாழ்த்தி. பில் கிடைக்குமா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

அப்புறம்தான் வனத்துறையைத் தேடிப் போனேன். அலைக்கழிப்பார்கள் என்று பாதி நாள் லீவு போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, பதில் 'கிடையாது' என்பதால். எதிரே இருந்த பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை, பிடிப்பதும் பொறி வைப்பதும் வேட்டைதான். ஆராய்ச்சி, கல்வி போன்ற காரியங்களுக்குத்தான் அனுமதி உண்டு, பிள்ளை ஆசைப்படுவதற்கு இல்லை. நான் பார்த்த அந்த மஞ்சள் தவளையின் கதையையும் சொன்னார். ஒரு காலத்தில் அதன் கால்களை வெட்டி உறைய வைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்களாம். 1985இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தும் போதாமல், 1987இல் நம் அரசு ஏற்றுமதியையே தடை செய்தது.

வெளிநாட்டுத் தவளையைப் பற்றியும் கேட்டேன். 2022இல் திருத்திய சட்டப்படி, அந்தச் சர்வதேசப் பட்டியலில் உள்ள உயிரினம் எது கையில் இருந்தாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் சொல்ல வேண்டும். சிவப்புக் கண் மரத்தவளை அந்தப் பட்டியலில் உண்டு. கடைக்காரர் காட்டிய குண்டு பேக்மேன் தவளை அதில் இல்லை. சட்டப்படி வாங்கலாம் போல. ஆனால் அது பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது. பையன் கல்லூரிக்குப் போன பிறகு யார் பார்ப்பது? சலித்துப்போனவர்கள் ரெட்டேரியில் கொண்டுபோய் விட்டால்? நம் மஞ்சள் தவளையே அந்தமானுக்குப் போய் அங்குள்ள சிற்றுயிர்களைத் தின்று தொல்லையாகிவிட்டது. வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: "பிடிச்சு அடைக்காதீங்க. தண்ணி வெச்சா தானா வரும்."

பின்கட்டில் பழைய பிளாஸ்டிக் தொட்டியைப் பாதி புதைத்தோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், தலைப்பிரட்டைக்கு ஆகாது என்று மழைநீரையே நிரப்பினோம். ஏறி இறங்க உள்ளே கல் அடுக்கி, ஓரமாக வல்லாரை நட்டோம். மீன் விடவில்லை, முட்டையைத் தின்றுவிடும். பையன் தினமும் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு முகம் தொங்கி வருவான்.

பன்னிரண்டாம் நாள் தொட்டி விளிம்பில் வெள்ளையாக நுரை. துணி துவைத்த நுரை என்று என் மனைவி துடைக்கப் போனாள். நல்லவேளை, பையன் கத்தினான். மரத்தவளை முட்டையிட்ட நுரைக்கூடு அது, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே தவளைதான். சில நாளில் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுந்தன.

அடுத்த சிக்கல் கொசு. மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர் தொட்டியைப் பார்த்ததும், "வாரா வாரம் கொட்டிடணும்ணா, டெங்கு சீசன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு மாதம் போல ஆகும். தலைப்பிரட்டை கொசுப்புழுவை ஒழித்துவிடும் என்று நம்பவும் முடியாது, பெரும்பாலும் பாசியைத்தான் மேய்கிறது. கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம்: இரண்டு நாளுக்கு ஒருமுறை டீ வடிகட்டியால் புழுவை அள்ளிப் போடுவது என் பொறுப்பு, வந்து சோதிப்பது அவர் பொறுப்பு.

டிசம்பர் கடைசியில் விரல் நகம் அளவுக்குப் பதினொரு குட்டித் தவளைகளை எண்ணினான் பையன். மறுநாள் நான்கு. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. பணியாளர் இப்போதும் வருகிறார். கேட்டைத் தட்டி அவர் முதலில் கேட்பது, "தவளை திரும்பி வந்துச்சாண்ணா?"