மூன்றரை வட்டி: கடலூரிலிருந்து ஒரு கார்டு நாட்குறிப்பு

அக்டோபர் 3, 2025, வெள்ளி

தீபாவளிக்கு இன்னும் 17 நாள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் இப்போதே நடக்க இடமில்லை. செப்டம்பர் 22 முதல் ஏசி, பெரிய டிவி ஆகியவற்றின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதால், வாங்கலாமா வேண்டாமா என்று இருந்தவர்களும் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். கிரெடிட் கார்டில் தேய்க்கப் போகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தங்கள் பில் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பில் தேதி, அதாவது மாதாமாதம் கார்டுக் கணக்கை முடித்து வங்கி பில் போடும் நாள், 15 என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 15-ல் வரும் பில்லைக் கட்டக் கடைசி நாள் நவம்பர் 4. 14-ஆம் தேதி வாங்கிய பொருள் அந்தப் பில்லிலேயே ஏறிவிடும்; வட்டியில்லாமல் கிடைப்பது 21 நாள். அதே பொருளை 16-ஆம் தேதி வாங்கினால் அது நவம்பர் 15 பில்லுக்குப் போகும். டிசம்பர் 5 வரை, 50 நாள் கிடைக்கும். இரண்டு நாள் பொறுத்து வாங்கினால், கட்டுவதற்குள் அடுத்த சம்பளமும் கைக்கு வந்துவிடும்.

இந்தச் சலுகை முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவர்களுக்கு மட்டும்தான். பழைய பாக்கி நூறு ரூபாய் நின்றாலும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

அக்டோபர் 8, புதன்

"மாசம் 3.5 சதவீதம்" என்று கார்டு தாளில் பொடி எழுத்தில் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் அது மூன்றரை வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய். தெருவில் ஒருவர் மூன்று வட்டிக்குத் தருகிறேன் என்றால் "அய்யோ, வேண்டாம்ப்பா" என்று ஒதுங்குகிற அதே குடும்பம், கார்டில் பாக்கி வைக்கும்போது அதை வட்டிக் கடனாகவே நினைப்பதில்லை. வட்டி கேட்டு யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்பதில்லை என்பதால் வரும் தைரியம் இது.

மூன்றரையோடும் நிற்பதில்லை. வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பொருட்களுக்கு வரி குறைந்தபோது இது குறையவில்லை. சேர்த்துப் பார்த்தால் மாதம் 4.13, அதாவது நாலு வட்டிக்கும் மேல்; வருடத்துக்கு ஏறக்குறைய 50 சதவீதம். சில கார்டுகளில் 3.75-ம் உண்டு.

இதற்கு ஒரு காலத்தில் உச்சவரம்பு சொல்லப்பட்டது. வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி தானாகக் குறையும் என்று காத்திருக்க வேண்டாம். பாக்கி வைக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

புதுச்சேரி நேரு வீதி, கடலூர் மஞ்சக்குப்பம், எங்கே போனாலும் பில் போடும் மேசையில் ஒரே கேள்வி: "சார், நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுடலாமா?" வட்டியில்லாத மாதத் தவணை என்று இதற்குப் பெயர். சரி என்று தலையாட்டும் முன் மெஷின் திரையில் வரும் வரிகளைப் படியுங்கள். மாதத் தொகை, எத்தனை மாதம், வட்டி சதவீதம் எல்லாம் அதில் இருக்கும். "நோ காஸ்ட்" என்று சொன்ன இடத்தில் 15 சதவீதம் என்று வந்தால் திடுக்கிட வேண்டாம். அந்த வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி கொடுத்து நேர் செய்வதுதான் இந்தத் திட்டம். தள்ளுபடி நிஜமாகவே பில்லில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பின் நம்பரை அழுத்த வேண்டும்.

24,000 ரூபாய் வாஷிங் மெஷினை ஆறு தவணையில், தவணைக்கு 4,000 என்று எடுத்தால், அந்த 15 சதவீதக் கணக்கில் வட்டி 1,016 ரூபாய். கடைக்காரர் அதை விலையில் கழித்து 22,984 ரூபாயைத்தான் கடனாக ஏற்றுவார். ஆனால் வட்டியின் மேல் வரும் ஜிஎஸ்டி 183 ரூபாயை யாரும் கழிப்பதில்லை. பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் வரியோடு 235. மொத்தம் 418 ரூபாய் கைவிட்டுப் போகும். ஆறு மாத அவகாசத்துக்கு இது மோசமில்லை. பாக்கி வைப்பதைவிட எவ்வளவோ மேல். ரொக்கத்துக்குத் தனியாக விலை குறைப்பார்களா என்றும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நடுவில் முடித்தால் பல வங்கிகள் மீதி அசலில் 3 சதவீதம்வரை கேட்கும். தவணை தீரும்வரை அந்தத் தொகை லிமிட்டிலும், அதாவது கார்டில் செலவழிக்க அனுமதித்த உச்சத் தொகையிலும், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அக்டோபர் 16, வியாழன்

பில் வந்திருக்கும். தாளில் இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: ஒன்று மொத்தத் தொகை, மற்றது மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. மொத்தம் 40,000 என்றால் மினிமம் 2,000 என்று சிறியதாக, பார்க்கவே இதமாக இருக்கும். அந்த 2,000-ஐக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான். வட்டி விழும்.

இதைவிட ஒரு பெரிய குழி, கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கச் சொல்லும் ஆட்டோ டெபிட் படிவத்தில் இருக்கிறது. கார்டு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளில் "மொத்தத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு வாய்ப்பு இருக்கும். இரண்டாவதில் டிக் விழுந்திருந்தால், மாதாமாதம் ஒழுங்காகப் பணம் பிடிக்கப்படுகிறது, எல்லாம் சரியாகப் போகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். கடன் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். வங்கி ஆப்பில் கார்டு பக்கம் போய் ஆட்டோ பே அமைப்பைத் திறந்து, மொத்தத் தொகை என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாற்றினால் அது அடுத்த பில்லிலிருந்துதான் நடைமுறைக்கு வரக்கூடும். இந்த மாதத்துக்கு மீதியைக் கையால் கட்டிவிடுங்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

சில்லறைக் குறிப்புகள். கடலூரிலிருந்து கன்னியக்கோயில் பக்கம் போய் பெட்ரோல் போடுவது நமக்குப் பழக்கம், புதுச்சேரியில் விலை குறைவு. கார்டில் போட்டால் 1 சதவீதம் சர்சார்ஜ் என்று கூடுதல் கட்டணம் விழும். பல கார்டுகள் அதைத் திருப்பித் தரும். ஆனால் 400 ரூபாய்க்குக் கீழே போட்டால் பெரும்பாலும் தராது. சர்சார்ஜின் மேல் விழும் ஜிஎஸ்டியும் திரும்பாது.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் சொருகிப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். 5,000 எடுத்தால் கட்டணம் 500, அதற்கு வரி 90, முதல் நாளிலிருந்து வட்டி. 30 நாளில் திருப்பினாலும் ஏறக்குறைய 794 ரூபாய் செலவு. கடையில் கார்டைத் தேய்த்து, 2, 3 சதவீதம் கமிஷன் கழித்துப் பணமாகத் தரும் "ரொட்டேஷன்" இன்னும் ஆபத்து. அது கார்டு விதிகளுக்கு விரோதம். வங்கி மோப்பம் பிடித்தால் கார்டை முடக்கி, முழுப் பாக்கியையும் ஒரேயடியாகக் கேட்கும்.

நவம்பர் 5, புதன்

பில் தேதி 15 உள்ளவர்களுக்கு நேற்று கடைசி நாள். மறந்துவிட்டவர்கள் இதைப் படித்ததும் கட்டுங்கள், இன்னும் வழி இருக்கிறது. கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு "பாக்கி" என்று தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. 7-ஆம் தேதிக்குள் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த இரண்டும் இல்லை. வட்டி வரலாம், வங்கியை அழைத்து, இதுவரை தவறாமல் கட்டியதைச் சொல்லிக் கேட்டால் முதல் தடவைக்குத் தள்ளுபடி செய்வதும் உண்டு.

மழைக்காலத்தில் கடைசி நாள்வரை காத்திருப்பதே தப்பு. போன வருடம் நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கரண்ட் என்ன பாடு பட்டது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டுமாவது பில் வந்த வாரமே கட்டிவிடுங்கள்.

நவம்பர் 12, புதன்

கடலூர் முதுநகர் பக்கம் மீன்பிடியை நம்பிய, மாதச் சம்பளம் இல்லாத குடும்பங்களே அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இப்போது மழையில் கடலுக்குப் போகாத நாட்கள் வேறு. வருமானம் ஏறி இறங்கும் வீட்டில் கார்டு இருந்தால், பில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீன் விற்ற காசு கையில் இருக்கும் அன்றே யுபிஐ வழியாக ஆயிரம், இரண்டாயிரம் என்று கார்டில் கட்டிக்கொண்டே வரலாம். லிமிட்டை ஆப்பிலேயே குறைத்துக்கொள்வதும் நல்லது. ஒரு நல்ல மாதத்தில் கையில் மிஞ்சும் தொகைக்கு மேல் லிமிட் வேண்டாம் என்பது என் கருத்து.

சம்பளக்காரர்களுக்கும் ஒரு வசதி உண்டு. பில் சுழற்சியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வங்கி அனுமதிக்க வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது என்றால், கட்டும் நாள் 3, 4 தேதிகளில் விழுவதுபோல் கேட்டு வாங்குங்கள். 25-ல் விழுந்தால் கை வறண்டிருக்கும். பாக்கி வைக்கும் பழக்கம் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

அக்டோபர் 16-ல் சொன்ன 40,000 என்ன ஆனது என்று பார்ப்போம். செப்டம்பர் 20-ல் வாங்கிய பொருள். நவம்பர் 4-ல் மினிமம் 2,000 கட்டியாயிற்று. வேறு எதுவும் வாங்கவில்லை. கட்டியது போக நிற்கும் தொகைக்குத்தான் வட்டி. ஆனால் வாங்கிய நாளிலிருந்து. 38,000-க்கு ஒரு நாள் வட்டி 43 ரூபாய் 73 காசு. நேற்றைய பில்வரை 57 நாளுக்கு 2,492. ஜிஎஸ்டி 449. ஆக 2,941.

புதுப் பில்லில் பாக்கி 40,941. 2,000 ரூபாய் கட்டியும் கடன் 941 ஏறியிருக்கிறது.

இனி 40,000 ரூபாய் பாக்கியை, கார்டைத் தொடாமல், மாதம் ஒரே தொகையாக அடைத்தால்: 5,000 கட்டினால் பத்து மாதம், மொத்தம் சுமார் 49,500. 3,000 கட்டினால் இருபது மாதம், சுமார் 59,300. 2,000 கட்டினால் 44 மாதம், சுமார் 86,400. மாதம் 1,652-க்குக் கீழே போனால் வட்டிக்கே பத்தாது.

நவம்பர் 18, செவ்வாய்

பாக்கியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு. முதலில் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். புதிதாகத் தேய்ப்பது எல்லாம் முதல் நாளிலிருந்தே நாலு வட்டிக் கடன். ஆப்பில் கடைப் பரிவர்த்தனை, ஆன்லைன் இரண்டையும் அணைத்து வைக்கலாம். ஓடிடி, செல்போன் ரீசார்ஜ் என்று தானாகப் பிடிக்கும் கட்டணங்களையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள், அவை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

அடுத்து, விலை உயர்ந்த கடனை மலிவான கடனால் அடையுங்கள். பீரோவில் நகை சும்மா இருந்தால் வங்கி நகைக் கடன் சுமார் 9, 10 சதவீதம், அதாவது முக்கால் வட்டியிலிருந்து சற்று மேலே. 40,000-க்கு மாதம் 333 ரூபாய், கார்டில் 1,652. நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று நினைத்துக் கார்டு வட்டி கட்டுபவர்களைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது. நகை இல்லையென்றால் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரும்படி அதே வங்கியைக் கேளுங்கள். வட்டி சதவீதம், பிராசஸிங் ஃபீஸ், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள்.

கார்டை அடைத்த அன்றே லிமிட்டைக் குறைத்துவிட வேண்டும். லிமிட் காலியாகத் தெரிந்தால் கை போகும். பிறகு நகைக் கடனும் கார்டுக் கடனுமாக இரண்டு நிற்கும்.

நவம்பர் 20, வியாழன்

கொஞ்சம் பாக்கி வைத்தால் சிபில் ஸ்கோர், அதாவது நாம் கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கான மதிப்பெண், ஏறும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. வட்டி கட்டினால் ஸ்கோருக்கு ஒரு புள்ளியும் கூடாது. நேரத்துக்குக் கட்டுவதும், லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதும்தான் கணக்கு. ஒரு லட்சம் லிமிட்டில் 30,000-க்குள் இருப்பது நல்லது. தீபாவளி மாதத்தில் மீறிவிட்டால், பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் பில்லில் குறைவாகவே காட்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அடைத்த கார்டு இன்னும் பாக்கியாகக் காட்டுகிறதா என்று அதில் பாருங்கள்.

நவம்பர் 22, சனி

தெரியாத பரிவர்த்தனை எஸ்எம்எஸ் வந்தால் உடனே கார்டை முடக்கி, வங்கியிடம் புகார் எண் வாங்கி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையதல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் கணக்கில்தான்.

பயன்படாத கார்டை மூடுவது பற்றியும் கேட்கிறார்கள். பாக்கியை முழுதாக அடைத்து, சேர்ந்திருக்கும் ரிவார்டு பாயின்ட்டைப் பயன்படுத்திவிட்டு, ஆப் அல்லது மின்னஞ்சல் வழியாகக் கேளுங்கள். போனில் மட்டும் சொன்னால் சாட்சி இருக்காது. பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தரவில்லையென்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.