காதில் விழுந்தபடி எழுது

ஜெர்மனிக்கு வரும்போது என் மகள் மதுரையில் யுகேஜி முடித்திருந்தாள். நூறு வரை எண்ணுவாள், ஆங்கிலத்தில் சேர்த்து எழுதுவாள், தமிழில் உயிர், மெய் எல்லாம் தெரியும். அதே ஊரில் ஒரு நர்சரி பள்ளியில் நான் ஐந்து வருடம் முதல் வகுப்பு எடுத்தவள். அதனால் டோர்ட்முண்டில் அவளைப் பள்ளியில் சேர்க்கும்போது எனக்கிருந்த கவலை மொழி ஒன்றுதான். மற்றபடி அவள் முன்னால் இருப்பாள் என்று நம்பினேன்.

இங்கே மழலையர் பள்ளியில் எழுத்து சொல்லித்தருவதே இல்லை. ஆறு வயது வரை விளையாட்டு, பாட்டு, காகிதம் வெட்டுவது, மழையிலும் காட்டுக்குள் நடப்பது. முதல் வகுப்பில் எல்லாரும் ஒன்றாக 'ஆ'விலிருந்து தொடங்குகிறார்கள். மகளின் யுகேஜி நோட்டைப் பெருமையாக எடுத்துப் போய்க் காட்டினேன். ஆசிரியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவளுக்குத் தன் ஜாக்கெட் ஜிப்பைத் தானே போடத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. நான்தான் போட்டுவிடுவேன்.

முதல் நாளைப் பற்றி எச்சரித்தது கீழ்வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆனவர். "பிள்ளைக்கு ஷூல்டூட்டே செய்தாச்சோ? அது இல்லாமல் முதல் நாள் அனுப்பக் கூடாது" என்றார். பெரிய காகிதக் கூம்பு அது. உள்ளே இனிப்பு, கலர் பென்சில், சின்னச் சின்னப் பொருட்கள் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். யேனா நகரத்தில் 1817லேயே இந்த வழக்கம் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தக் கூம்புகள் காய்க்கும் மரம் ஒன்று உண்டு, அவை பழுத்துவிட்டால் பள்ளிக்குப் போகும் வயது வந்துவிட்டது என்று அர்த்தம் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்களாம். அக்காவும் நானும் இரவெல்லாம் உட்கார்ந்து மயில் படம் ஒட்டினோம். உள்ளே கடலை மிட்டாயும் வைத்தேன். மற்ற பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி, அத்தை, மாமா என்று பெரிய கூட்டமே வந்திருந்தது. எங்களோடு அக்கா வந்து நின்றார். அந்த உதவியை என்னால் மறக்க முடியாது.

வகுப்பில் 24 பிள்ளைகள். வீட்டில் ஜெர்மன் தவிர வேறு மொழி பேசுகிறவர்களே பாதிக்கு மேல். துருக்கி, அரபு, உக்ரைன், போலந்து, குர்து, இன்னும் சில. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளுக்குப் போடும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். பெஞ்ச் வரிசை கிடையாது. நான்கு பேர், ஆறு பேராக மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஆசிரியையை 'மிஸ்' என்று கூப்பிட முடியாது. 'ஃபிராவ்' என்று சொல்லிக் குடும்பப் பெயரையும் சேர்க்க வேண்டும். மகள் முதல் வாரம் முழுக்க 'மிஸ்' என்றே கூப்பிட்டாள். அவரும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

பேச விரும்புகிறவர்கள் இங்கே ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார்கள். மதுரையில் எங்கள் பள்ளியில் ஒரு விரல் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம், அதனால் முதலில் அவளுக்குக் கூச்சம். இரண்டு மாதம் விரலே தூக்கவில்லை. அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள் என்றார் ஆசிரியை. நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மதுரையில் நானே எத்தனை பெற்றோரிடம் "உங்க பொண்ணு ரொம்ப அமைதி, ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன்! அவர் சொன்னது கவலை என்பது அப்புறம்தான் புரிந்தது. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக வாய்திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாத பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்.

கணக்கில் அவள் தடுமாறியது எனக்கு அதிர்ச்சி. கூட்டல் தவறாது, ஆனால் சொல்வதைக் கேட்டு எழுதினால் எண் தலைகீழாகிவிடும். ஜெர்மனில் 47ஐ 'ஸீபென்-உண்ட்-ஃபியர்ட்ஸிக்' என்பார்கள், அதாவது 'ஏழும் நாற்பதும்'. காதில் முதலில் ஏழு விழுவதால் கை முதலில் ஏழை எழுதிவிடுகிறது, 74 ஆகிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். இருபத்தொன்று என்று நாம் சொல்கிற வரிசையில் சொல்லவும் இடம் கொடுங்கள் என்று கேட்கும் ஒரு சங்கமே இருக்கிறது. அதன் பெயரே 'இருபது-ஒன்று'. நாங்கள் வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் ஜெர்மனில் சொல்வேன், அவள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவாள். நாற்பத்தேழு என்று வாயில் வந்தபின் கை தவறுவதில்லை. ஆசிரியையிடம் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன். "அப்படியே செய்யுங்கள், வீட்டில் தமிழைக் குறைத்துவிடாதீர்கள்" என்றார். வீட்டிலும் ஜெர்மன் பேசினால்தான் பிள்ளை தேறும் என்று வேறு ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோயிருந்த எனக்கு, அந்த வார்த்தை பெரிய ஆறுதல்.

நான் சொல்ல வந்தது எழுத்தைப் பற்றி.

பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு ஒலி அட்டை இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம், அந்தப் படத்தின் பெயர் அந்த ஒலியில் தொடங்கும். 'ஆ'வுக்கு எறும்பு, ஏனென்றால் எறும்பு இவர்களுக்கு 'ஆமைஸே'. 'ஈ'க்கு முள்ளெலி, அது 'ஈகெல்'. எழுத்தின் பெயரைச் சொல்லித்தருவதில்லை, ஒலியைத்தான். கையில் ஒரு சின்னக் கண்ணாடியும் கொடுத்திருந்தார்கள். 'ஓ' சொல்லும்போது உதடு எப்படிக் குவிகிறது, 'எல்' ஒலிக்கு நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்று பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு சொல்லை எழுத வேண்டுமென்றால் மெதுவாகச் சொல்லி, ஒவ்வொரு ஒலிக்கும் அட்டையில் எழுத்தைத் தேடி வைக்க வேண்டும்.

அக்டோபரில் மகள் முதன்முதலாகத் தானே ஒரு வரி எழுதினாள். அப்பாவோடு சைக்கிள் ஓட்டினேன் என்று. ஏழு சொல், அதில் ஐந்து தப்பு. சைக்கிளுக்கு ஜெர்மனில் 'ஃபாராட்'. எழுத்தில் இரண்டு 'ஆர்' உண்டு, ஒலிக்காத 'ஹெச்' ஒன்று உண்டு. அவள் ஒரே ஒரு 'ஆர்' போட்டிருந்தாள், 'ஹெச்' இல்லை. 'ஃபாட்டர்' என்றால் அப்பா. அதை 'வி'யில் தொடங்க வேண்டும், அவள் 'எஃப்' எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்தையும் வட்டம் போட்டேன். ஐந்து வருடப் பழக்கம், யோசிக்காமலே கை போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் நோட்டில் வந்தவை 'மாமா', 'ஓமா', 'ஓபா'. தப்பு வரவே முடியாத சொற்கள் மட்டும். அம்மா, பாட்டி, தாத்தா. சைக்கிள் திரும்ப வரவில்லை.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. கால் மணி நேரம், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துதான். ஆசிரியை அந்த நோட்டைத் திறந்து சிவப்பு வட்டங்களைக் காட்டி இது யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். 'ஃபாராட்' என்ற சொல்லைத் தானே மெதுவாகச் சொல்லிக் காட்டினார். "இதில் 'ஹெச்' உங்களுக்குக் கேட்கிறதா? இரண்டாவது 'ஆர்'? எனக்கும் கேட்கவில்லை. உங்கள் மகள் கேட்ட ஒலி ஒன்றையும் விடவில்லை. ஜெர்மன் பேசத் தொடங்கி ஆறே மாதம் ஆன பிள்ளை. இந்த மாதம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான்" என்றார்.

தப்பாக எழுதிப் பழகினால் கையில் அதுவே படிந்துவிடாதா என்று கேட்டேன். நானும் ஒரு ஆசிரியை, அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் மழுப்பவில்லை. இந்த நாட்டில் இது பல வருடச் சண்டை என்றார். எழுதுவதன் வழியாகவே படிக்கக் கற்பது என்ற முறையை சுவிட்சர்லாந்துக்காரர் யூர்கன் ரைஹன் 1980களில் கொண்டுவந்தார். பிள்ளை எழுதுவதைத் திருத்தவே வேண்டாம் என்று அதைச் சில இடங்களில் நெடுநாள் இழுத்துக்கொண்டு போனதில், பிழையோடு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு என்று பெற்றோர் கொதித்தார்கள். டோர்ட்முண்ட் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 2019ல் பிள்ளைகள் சரியாக எழுதிப் பழக வேண்டிய 533 சொற்களின் பட்டியலையே வெளியிட்டார்கள். மகளின் பள்ளியில் முதல் சில மாதம்தான் இந்தச் சுதந்திரம், அப்புறம் சரியான வடிவம் வந்துவிடும்.

என் கருத்து இப்போதும் முழுக்க மாறிவிடவில்லை. சரியான எழுத்தைச் சீக்கிரமே கண்ணில் காட்டிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சிவப்புப் பேனாவை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன். அவள் எழுதிய வரிக்குக் கீழே பென்சிலால் சரியான வரியை எழுதிவைப்பேன். வட்டம் கிடையாது, அடித்தல் கிடையாது. மூன்றாவது வாரம் அவளே இரண்டு வரிகளையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "இங்க எதுக்கும்மா சும்மா ஒரு ஹெச்?" என்று கேட்டாள். மதுரையில் நான் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்த நோட்டுகள் எத்தனை இருக்கும்! தமிழில் 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப' ஒரு ஒலி, இரண்டாவது 'ப' இன்னொரு ஒலி. அதை ஒரு பிள்ளை குழம்பி எழுதினால் அது நன்றாகக் கேட்ட பிள்ளை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளுக்கு விளக்குக் கூண்டு செய்தார்கள். சாயங்காலம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, மார்ட்டின் வேடத்தில் குதிரையில் வருபவர் பின்னால் தெருவெல்லாம் பாடிக்கொண்டு போனார்கள். அரையாண்டு முடிந்தது. முதல் வகுப்பில் மதிப்பெண்ணே கிடையாது, ரேங்க்கும் இல்லை. முதல் இரண்டு வகுப்பை ஒரே கட்டமாக வைத்திருக்கிறார்கள், மெதுவாகப் போகும் பிள்ளை அதை மூன்று வருடத்திலும் முடிக்கலாம். ஊரிலிருந்து அம்மா போனில் "எத்தனையாவது ரேங்க்?" என்று கேட்கும்போதெல்லாம் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். இப்போது "நல்லா படிக்கிறா" என்று மட்டும் சொல்கிறேன்.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் மொழியில் ஒலி அட்டை செய்துகொண்டு வாருங்கள் என்று ஆசிரியை கேட்டிருந்தார். நானும் மகளும் உட்கார்ந்தோம். அணில், ஆடு, இலை என்று ஓடியது. எறும்பு இங்கே 'எ'வுக்குப் போனதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். க, ச, த எல்லாம் சுலபம். ழ வந்ததும் நின்றோம். ழவில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை. ளவிலும் இல்லை, ணவிலும் இல்லை. "அப்ப ழவை விட்டுரலாமா?" என்றாள். அவளுடைய ஜெர்மன் அட்டையைப் பார்க்கச் சொன்னேன். 'எஸ்ட்ஸெட்' என்று இவர்களுக்கும் ஒரு எழுத்து உண்டு, எந்தச் சொல்லும் அதில் தொடங்காது. அட்டையில் அதற்கு ஒரு பாதம் வரைந்திருந்தார்கள். 'ஃபூஸ்' என்பதன் கடைசியில் அது வரும். நம் அரிச்சுவடியிலும் அப்படித்தானே, ங்-க்குச் சங்கு, ண்-க்குக் கண்.

சரி, ழவுக்கு வாழைப்பழம், அதில் இரண்டு ழ இருக்கிறது என்றேன். மஞ்சள் கலரில் நன்றாக வரைந்தாள். கீழே பெயரை அவளையே எழுதச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 'வாளப்பளம்' என்று எழுதியிருக்கிறாள்.

வாயைத் திறக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லை நானே மெதுவாக, அந்த ஆசிரியை 'ஃபாராட்' சொன்ன மாதிரி சொல்லிப் பார்த்தேன். என் வாயில் வருவது அதுதான். எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான் சொல்வோம். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றால் மட்டும் ழ வரும், வீட்டுக்கு வந்தால் பளம்தான், மளைதான். அவள் கேட்டதை எழுதியிருக்கிறாள்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு அவளை ஏற்றி நிறுத்தினேன். நாக்கின் நுனியை மேலே வளைத்து, அண்ணத்தில் படாமல் பிடிக்கச் சொன்னேன். நானும் பக்கத்தில் நின்று அதையே செய்தேன். முதலில் இரண்டு பேருக்கும் ள தான் வந்தது.